சார்ஜரைத் தூக்குனது பூமிக்காகவா, கல்லாவுக்காகவா?

தாம்பரம் ரகு
மதியம் ஆபீஸ் கேன்டீன்ல ஆரம்பிச்ச சண்டை சாயங்காலம் டீக்கடை வரைக்கும் வந்தும் முடியல, அதான் இங்க கொண்டாந்து கொட்டுறேன். விஷயம் பழசுதான். 2020 அக்டோபர்ல ஐபோன் 12 வந்தப்போ ஆப்பிள்காரங்க பெட்டியில இருந்து சார்ஜரையும் இயர்போனையும் தூக்கிட்டாங்க ஞாபகம் இருக்கா? அன்னைக்கு வீடியோவுல வந்து காரணம் சொன்னது அப்போ அவங்க சுற்றுச்சூழல் பிரிவைப் பாத்துக்கிட்டிருந்த லிசா ஜாக்சன், ஒபாமா காலத்துல அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் ஏஜென்சிக்கே தலைவியா இருந்தவங்க. உலகம் பூரா ஏற்கனவே 200 கோடி ஆப்பிள் அடாப்டர் கிடக்கு, பெட்டி சின்னதானா ஒரு பேலட்ல, அதான் சரக்கு அடுக்குற பலகையில, 70 சதவீதம் கூடுதலா அடுக்கலாம், அந்த வருஷம் அவங்க பண்ண மத்த மாத்தங்களோட சேர்த்தா வருஷத்துக்கு 20 லட்சம் டன் கார்பன் மிச்சம், நாலரை லட்சம் கார் ரோட்டை விட்டுப் போன மாதிரின்னு சொன்னாங்க.

என் டீம்ல ஒருத்தன் இதுதான்டா கம்பெனியோட சமூகப் பொறுப்புங்குறான். இன்னொருத்தன் செலவைக் குறைச்சிட்டு மேல பச்சை பெயின்ட் அடிச்சிருக்கான்னு கத்துறான். எனக்கு ரெண்டு பேரு சொல்றதும் சரினு படுது, அதுதான் பிரச்சனை. நீங்க சொல்லுங்க.

வடபழனி வாண்டு
பந்தியில இலையைப் போட்டுட்டு, உங்க வீட்டுல சாம்பார் இருக்குமே, ஒரு தூக்குல கொண்டாந்திருக்கலாமேனு கேட்ட கதைதான்.

சர்வீஸ் கடை செல்வம்
ரகு அண்ணே, பெட்டியில என்ன இல்லைனு மட்டும் பாக்காதீக, என்ன இருந்துச்சுனு பாருங்க. ஐபோன் 12ல குடுத்த வயரு ஒரு முனை லைட்னிங், அதான் ஆப்பிளோட சொந்த பின்னு, மறுமுனை யூஎஸ்பி சி. அதுக்கு முந்துன வருஷத்து ஐபோன் 11ல வந்தது அந்த குட்டி 5 வாட் சார்ஜர், அகலமான பழைய யூஎஸ்பி ஓட்டை. புது வயரு அதுல எப்புடிண்ணே நுழையும்? வீட்டுல கிடக்குறத வச்சு சமாளிச்சுக்கங்கனு சொல்லிட்டு, வீட்டுல கிடக்குறதுக்குப் பொருந்தாத வயர உள்ள வச்சா என்ன அர்த்தம். 20 வாட் சார்ஜர் நம்ம ஊருல தனியா 1,900 ரூவாய்க்கு வித்தாங்க. அம்புட்டுத்தேன் நான் சொல்றது.

கார்கோ கண்ணன்
செல்வம் சொல்றதுல பாதிதான் சரி. ஏற்கனவே ஐபோன் வெச்சிருந்தவன் வீட்டுல சார்ஜரோட சேர்ந்து பழைய வயரும் கிடக்கும்ல, அதையே மாட்டிக்கலாம், மெதுவா ஏறும், அவ்ளோதான். மாட்டிக்கிட்டது ஆண்ட்ராய்டுல இருந்து முதல்தடவை வந்தவன்.

நான் பதினோரு வருஷமா மீனம்பாக்கத்துல ஏர் கார்கோ பாக்குறேன், அதனால அந்த பேலட் கணக்கு எனக்கு சும்மா பேச்சா தெரியல. போன் மாதிரி விலை ஜாஸ்தி, எடை கம்மியான சரக்கு அதிகமா பிளேன்லதான் போகும், கப்பல்ல அனுப்புனா அத்தனை கோடி ரூபா சரக்கு வாரக்கணக்குல தண்ணியில முடங்கும், அதுக்குள்ள அடுத்த மாடல் பேச்சே வந்துடும். பிளேன்ல எடைக்கு எவ்ளோ, அடைக்கிற இடத்துக்கு எவ்ளோனு ரெண்டு கணக்கும் போட்டு எது பெருசோ அதுக்குத்தான் பில்லு போடுவோம். 70 சதவீதம் கூடுதலா அடுக்க முடிஞ்சா, பத்து பேலட் போன சரக்கு ஆறுலயே போயிடும். எரிபொருள் நிஜமாவே மிச்சம், எங்களுக்குக் குடுக்குற கூலியும் நிஜமாவே மிச்சம். ரெண்டும் ஒரே பில்லுல வர்ற மிச்சம், இதுல எது பூமிக்கு எது கல்லாவுக்குனு எப்படிப் பிரிப்ப?

கோவை சுமதி
பிரிக்க ஒரு வழி இருக்குங்க கண்ணன். மிச்சமான காசு யாரு கைக்குப் போச்சுனு பாருங்க. ஐபோன் 11 அமெரிக்காவுல 699 டாலருக்கு வந்துச்சு. சார்ஜரில்லாத 12, எந்த சிம் கம்பெனியோடவும் கட்டிப்போடாம வாங்குனா, 829. ஸ்கிரீன் மாறுச்சு, 5ஜி வந்துச்சு, விலை ஏறுனதுக்கு அதெல்லாம் காரணம்தானுங்க, இல்லீங்கல. ஆனா சார்ஜர் கழிச்ச காசுனு பத்து டாலர் வாங்குறவங்களுக்குத் தள்ளிக் குடுத்திருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சே இருக்காது.

பிரேசில்காரங்க இதத்தான் புடிச்சாங்க. 2021ல சாவ் பாவ்லோ நுகர்வோர் அமைப்பு அபராதம் போட்டுச்சு, 2022 செப்டம்பர்ல அந்நாட்டு நீதி அமைச்சகம் சார்ஜர் இல்லாத ஐபோனை விக்கவே கூடாதுனு சொல்லி 1 கோடியே 22 லட்சம் ரியால்க்கு மேல அபராதமும் போட்டுச்சு. சுற்றுச்சூழலுக்கு நல்லதுங்குற பாரத்தை நீங்க வாங்குறவன் தலையில இறக்கி வெச்சிருக்கீங்கங்குறதுதான் அவங்க வாதம். ஆப்பிளோட ஒரு வருஷ வருமானத்துல அது கொசுக்கடிங்க.

இன்னொரு கூத்து. ஆப்பிள் தூக்குன உடனே சாம்சங்காரங்க எங்க பெட்டியில சார்ஜர் இருக்கேனு ஃபேஸ்புக்குல கிண்டலடிச்சு போஸ்ட் போட்டாங்க. 2021 ஜனவரியில எஸ்21 வந்தப்போ அவங்க பெட்டியிலயும் இல்லைங்க. ஷாவ்மி மட்டும் சீனாவுல எம்ஐ 11க்கு சார்ஜரோட ஒண்ணு, சார்ஜர் இல்லாம ஒண்ணு, ரெண்டும் ஒரே விலைனு விட்டுச்சு. ஒரே விலைனா எவன் வேண்டாம்பான்?

வடபழனி வாண்டு
எங்க மாமா ஓட்டல்ல கேட்டாக்கூட எக்ஸ்ட்ரா அப்பளம் வேண்டாம்னு சொன்னதில்ல.

டோர்ட்முண்ட் தீபன்
நான் கொஞ்சம் வேற மாதிரிச் சொல்லுறன். நான் பாவிக்கிறது ஃபேர்போன், ஆம்ஸ்டர்டாம் கொம்பனி. அவை 2013இல முதல் போன் விட்டபோதே பெட்டிக்குள்ள சார்ஜர் வைக்கேல்ல. ஒருத்தரும் அதைக் களவு எண்டு சொல்லேல்ல. ஏனெண்டால் அந்தப் போனை நீங்களே கழட்டலாம், பேட்டரியை விரலாலயே எடுத்து மாத்தலாம், 2023இல வந்த ஃபேர்போன் 5க்கு எட்டு வருசம் மென்பொருள் அப்டேட் தாறம் எண்டு சொன்னவை. விலை மலிவில்லை, அதையும் சொல்ல வேணும். சார்ஜர் இல்லாதது பிழையில்லை, அதைச் சொல்லுற ஆள் மற்ற விசயங்களில எப்பிடி நடக்குது எண்டதுதான் கேள்வி.

இன்னொண்டு. இஞ்ச ஜெர்மனியில ஆப்பிள் வாட்சை கார்பன் நியூட்ரல், அதாவது விடுற கார்பன் முழுக்க ஈடு செய்யப்பட்டது எண்டு விளம்பரம் செய்தவை. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2025 ஓகஸ்டில ஃபிராங்க்ஃபுர்ட் கோர்ட் அப்பிடி விளம்பரம் செய்ய ஏலாது எண்டு தீர்ப்புச் சொல்லிப் போட்டுது. பராகுவேயில யூக்கலிப்டஸ் மரம் நட்டு கார்பனை ஈடு செய்யிறதாச் சொன்னவை, அந்தக் காணியில முக்கால்வாசிக்கு குத்தகை 2029ஓட முடியுதாம். மரம் அதுக்குப் பிறகும் நிக்கும் எண்டதுக்கு என்ன உத்தரவாதம்?

தாம்பரம் ரகு
குத்தகை நிலத்துல மரத்தை நட்டு கணக்கு காட்டுறது நம்ம ஊரு ரியல் எஸ்டேட் புரோஷர் மாதிரியே இருக்கு.

சரி, அப்ப தீபன் சொல்றபடி பாத்தா, மத்த விஷயம்னா என்னென்ன? பேட்டரி கேஸ் ஒண்ணு நடந்துச்சுல்ல, செல்வம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.

சர்வீஸ் கடை செல்வம்
அதக் கேளுங்கண்ணே. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

லித்தியம் பேட்டரி பழசானா ஒரேயடியா கரன்ட் கேக்குற நேரத்துல வோல்ட்டேஜ் படுத்துரும், போனு பொசுக்குனு ஆஃப் ஆயிரும், பாத்தா 30 சதவீதம் சார்ஜு இருந்திருக்கும். ஐபோன் 6, 6எஸ்ல இந்தத் தொல்லை இருந்துச்சு. அத மறைக்க 2017 ஆரம்பத்துல ஐபோன ஓட்டுற ஐஓஎஸ் மென்பொருளுக்கு 10.2.1னு ஒரு அப்டேட் விட்டாக, பேட்டரி தேஞ்சிருந்தா பிராசசர் வேகத்தையே கொறைச்சிரும். யோசனை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆஃப் ஆகுறதுக்கு மெதுவா ஓடுறது மேலு. ஆனா அதச் சொல்லணும்லண்ணே? சொல்லல. ஜனங்க என்ன நெனைச்சாக, போனு கெழடாயிருச்சு, புதுசு வாங்கணும்னு நெனைச்சாக. அந்த வருஷக் கடைசியில பேட்டரி மாத்துனதும் போனு வேகமா ஓடுதுனு ஒருத்தர் ரெட்டிட்ல போட்டாரு, போன் வேகத்த அளக்குற கீக்பெஞ்ச் ஆப்பு பண்ற ஆளு ஜான் பூல் நம்பரெல்லாம் எடுத்துக் கிராஃப் போட்டாரு, அப்பறந்தேன் ஆப்பிள் ஆமான்னு ஒத்துக்கிச்சு.

மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாத்துற கூலிய 79 டாலர்ல இருந்து 29க்குக் கொறைச்சாக, 2018 பூராம். நம்ம ஊருல 2,000 ரூவா. இனிமேத்தான் கதையே. 2019 ஜனவரி 2ஆந்தேதி டிம் குக்கு முதலீட்டாளர்களுக்கு லெட்டர் எழுதுனாரு, வருமானம் எதிர்பாத்தத விடக் கம்மியாகும், 89ல இருந்து 93 பில்லியன் சொன்னோம், 84தேன் வரும்னு. முக்கியமா சீனாவச் சொன்னாரு, ஆனா காரணப் பட்டியல்ல இதுவும் இருந்துச்சுண்ணே, கம்மி விலையில பேட்டரி மாத்திக்கிட்டதால சில பேரு புதுப் போன் வாங்கலனு. அவுக வாயாலயே.

இருபது வாட் சார்ஜர விட்டுத்தள்ளுங்க, ஒரு போனு ரெண்டு வருஷம் கூட ஓடுனா எம்புட்டு மிச்சம் பூமிக்கு? ஆனா அந்த மிச்சம் கல்லாவுல ஓட்டையா வந்து நிக்கிது. பூமிக்கு நல்லது கல்லாவுக்கும் நல்லதா இருந்தா மேடை போட்டு சொல்றாக, கல்லாவுக்குக் கெட்டதா இருந்தா லெட்டர்ல நாலாவது பாராவுல வருது.

கார்கோ கண்ணன்
இந்த ஒரு பாயின்ட்ல செல்வத்தோட நிக்கிறேன். ஆப்பிளே ஒவ்வொரு மாடலுக்கும் போடுற சுற்றுச்சூழல் அறிக்கையைப் பாத்தா ஒரு ஐபோன் தன் ஆயுசுல விடுற கார்பன்ல சுமார் அஞ்சுல நாலு பங்கு அதைத் தயாரிக்கிறப்போவே போயிடுது. நாம சார்ஜ் போடுறது, ஏத்தி இறக்குறதெல்லாம் மீதி சொச்சம். அப்ப போனை நீளமா ஓட்டுறதுதான் பெரிய வேலை, பெட்டி சின்ன வேலை.

லைட்னிங்கையும் மறக்கக்கூடாது. 2012ல வந்தது, ஐரோப்பாக்காரன் எல்லாருக்கும் ஒரே சார்ஜர் ஓட்டை வைங்கடானு சொன்னப்போ, புதுமை செத்துப்போகும், பழைய வயரெல்லாம் குப்பையாயிடும்னு எதிர்த்தாங்க. 2022ல சட்டம் வந்துச்சு, 2024 டிசம்பர் கடைசியில இருந்து கட்டாயம், 2023லயே ஐபோன் 15 யூஎஸ்பி சியோட வந்துடுச்சு. புதுமை ஒண்ணும் சாகல.

கோவை சுமதி
ஒருபக்கமாவே போகுதுங்க. அப்டேட் விஷயத்துல ஆப்பிளை அடிச்சுக்க ரொம்ப நாள் ஆளில்லைங்க. 2015ல வந்த 6எஸ்க்கு 2021ல வந்த ஐஓஎஸ் 15 வரைக்கும் குடுத்தாங்க. அப்ப ஆண்ட்ராய்டுல ரெண்டு வருஷம் குடுத்தாலே பெரிய விஷயம். பழைய ஐபோனுக்கு இன்னைக்கும் கடையில விலை இருக்குதுனா அதனாலதான். இதுவும் கல்லாவுக்கு நல்லதுதான், கைமாறிப் போன போனுலயும் ஆப் ஸ்டோர் காசு வருதில்லீங்களா.

வாய்ஸ்ஓவர் வாசு
எல்லாம் கல்லாக் கணக்குனு முடிக்கப் போறீங்கனு தெரிஞ்சு எழுதுறேன். எனக்குப் பார்வை இல்ல. இந்தப் பதிவை ஐபோன்ல இருக்குற வாய்ஸ்ஓவர்ங்குற ஸ்கிரீன் ரீடர் படிச்சுக் காட்ட, குரல்ல சொல்லி எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா அது அந்தம்மா பண்ணது.

2009ல ஐபோன் 3ஜிஎஸ்ல வாய்ஸ்ஓவர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பட்டன் போன்ல ஸ்கிரீன் ரீடர் வேணும்னா தனியா காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்கணும், அதுவும் போன் விலையில பாதி. கண்ணாடி மாதிரி வழவழனு ஒரு டச் போனை ஒரு குருடன் பயன்படுத்துவான்னு அப்ப யாரும் நம்பல. போனோடயே சேர்ந்து வந்துச்சு, எக்ஸ்ட்ரா ஒரு பைசா இல்ல. தமிழ்க் குரல் வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு, அந்தக் கோபம் எனக்கு இருக்கு, இருந்தாலும் வந்துச்சு.

2014 பிப்ரவரியில பங்குதாரர் கூட்டத்துல ஒரு அமைப்பு எந்திரிச்சு, லாபம் தராத சுற்றுச்சூழல் வேலையெல்லாம் செய்யமாட்டேன்னு உறுதி குடுங்கனு கேட்டுச்சு. எப்பவும் மெதுவா பேசுற டிம் குக் அன்னைக்கு சூடாயிட்டார். பார்வையில்லாதவங்க பயன்படுத்துற மாதிரி பண்றப்போ நான் போட்ட காசு திரும்புமானு பாக்குறதில்ல, லாபத்துக்காக மட்டும்தான் எல்லாம் செய்யணும்னா பங்கை வித்துட்டுப் போங்கங்குற அர்த்தத்துல சொன்னார். சொன்னதை எனக்குச் செஞ்சும் காட்டியிருக்காங்க. நான் ஆறு பேருக்கு இந்தப் போனைப் பழக்கி விட்டிருக்கேன், எங்ககிட்ட இருந்து அவங்களுக்குப் பெருசா என்ன லாபம் வந்துடப் போகுது.

தாம்பரம் ரகு
வாசு சார், இது நான் யோசிக்கவே இல்ல. நாளைக்கு கேன்டீன்ல சொல்றேன்.

சர்வீஸ் கடை செல்வம்
வாசு அண்ணே, ஒத்துக்கிறேன். அது ஒண்ணு பெரிய விஷயந்தேன்.

ஒரகடம் பொண்ணு
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், எழுதினதில்ல. பெட்டி, வயரு, பேட்டரி, மரம் எல்லாம் பேசிட்டீங்க. அதைச் செய்யிற கை யாரோடதுனு ஒருத்தரும் பேசல.

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான். ஆப்பிளுக்கு ஐபோன் பூட்டுற இடம், 17,000 பேரு வேலை. ஹாஸ்டல் சாப்பாட்டுல விஷமாகி 250 பொண்ணுங்க மாதிரி படுத்துட்டாங்க, 159 பேரு ஆஸ்பத்திரியில. சில பேரு செத்துட்டாங்கனு வாட்ஸ்ஆப்ல பரவுச்சு, அது பொய், ஆனா உள்ள இருந்த பொண்ணுங்களுக்கு யாரும் வந்து நிஜத்தைச் சொல்லல, கூட இருந்தவ எந்த ஆஸ்பத்திரியில இருக்கானு தெரியாம இருந்தா நம்பத்தானே செய்வாங்க. ராத்திரியோட ராத்திரியா பெங்களூரு ஹைவேல வந்து உக்காந்துட்டாங்க. ஃபேக்டரி மூடுச்சு. அதுக்கப்புறம்தான் ஆப்பிள் ஆளுங்க பாத்துட்டு, சில ஹாஸ்டலும் சாப்பாட்டு ரூமும் எங்க தரத்துக்கு இல்லைனு சொல்லி ஃபாக்ஸ்கானை கண்காணிப்புல வெச்சாங்க. ஜனவரி 12 திரும்பத் திறந்துச்சு.

சப்ளையருக்கான நடத்தை விதினு ஆப்பிள்ல 2005ல இருந்தே ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் ஆடிட்டு. அப்புறம் எப்படி யாரு கண்ணுலயும் படாம போச்சு? நான் சொல்றேன். ஆப்பிள் ஃபாக்ஸ்கானுக்கு ஆர்டர் குடுக்குது, ஃபாக்ஸ்கான் லேபர் கான்ட்ராக்டர்கிட்ட ஆள் கேக்குது, ஹாஸ்டல் இன்னொருத்தர், சமையல் வேறொருத்தர். ஒவ்வொருத்தரும் அடுத்த ஆளைக் கை காட்டலாம். ஆடிட்டுக்கு வர்றவங்க ஃபேக்டரியைத்தான் பாப்பாங்க, நாங்க தூங்குற இடம் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

நான் வேலை பாத்தது வேற கம்பெனி, பேரு வேண்டாம். திருவண்ணாமலை பக்கம் எங்க ஊரு, பிளஸ் டூ முடிச்சதும் ஏஜென்ட் வந்து கூட்டிட்டுப் போனாரு. ஒரு ரூம்ல 12 பேரு. ஏ ஷிப்ட் போறவ எந்திரிச்ச பாயில சி ஷிப்ட் முடிச்சு வந்தவ படுப்பா, பாய் ஆறவே ஆறாது. குழம்புல புழு இருக்குனு சொன்னா வார்டன், உங்க வீட்டுல என்ன பிரியாணியா சாப்பிட்டேனு கேப்பாங்க. ஒரு நாள் ஆடிட்டு வருதுனு புது தட்டு, புது தண்ணி கேன், சுவத்துல பெயின்ட். ரெண்டு நாள் கழிச்சு தட்டை எண்ணி வாங்கிட்டாங்க. தட்டை எண்ணினது இன்னும் மறக்கல எனக்கு.

வடபழனி வாண்டு
தங்கச்சி, எனக்கு ஜோக் எதுவும் வரல.

கோவை சுமதி
கண்ணு, நீ எழுதுனதுக்கு நன்றிம்மா. ஒண்ணே ஒண்ணு சேத்துச் சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அந்தப் பொண்ணுங்க ரோட்டுல உக்காந்ததுக்கு அப்புறம் ஒண்ணும் நடக்காம இல்ல. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல தமிழ்நாடு அரசோட தொழில் நிறுவனம் சிப்காட் கட்டுன ஹாஸ்டல் திறந்தாங்க, 18,720 பேரு தங்கலாம், 706 கோடி ரூபா செலவு.

ஒரகடம் பொண்ணு
தெரியும் அக்கா, என் சித்தி பொண்ணு அங்கதான் இருக்கா, நல்லா இருக்குங்குறா. ஆனா அது சிப்காட் கட்டினது. அதே வருஷம் ஜூன்லதான் கல்யாணம் ஆன பொண்ணுங்களை ஃபாக்ஸ்கான்ல எடுக்குறதில்லைனு ராய்ட்டர்ஸ்ல செய்தி வந்துச்சு, ஃபாக்ஸ்கான் நாங்க பாகுபாடு பாக்குறதில்லைனு மறுத்துச்சு, மத்திய அரசு தமிழ்நாட்டுக்கிட்ட அறிக்கை கேட்டுச்சு. எனக்கு இந்த வருஷம் கல்யாணம்.

கார்கோ கண்ணன்
சீனாவுலயும் இதே வரிசைதான். 2010ல ஷென்ஜென் ஃபாக்ஸ்கான்ல அடுத்தடுத்து தொழிலாளிங்க மாடியில இருந்து குதிச்சாங்க, கம்பெனி கட்டடத்தைச் சுத்தி வலை கட்டுச்சு, சம்பளம் ஏறுச்சு, 2012ல ஆப்பிள் வெளி அமைப்பைக் கூப்பிட்டு ஆடிட் பண்ண விட்டுச்சு, சப்ளையர் பட்டியலை வெளியிட ஆரம்பிச்சுச்சு.

ஆனா ரொம்ப நெருக்குனா கம்பெனி கிளம்பிடுமோனு ஒரு பயமும் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவுல எங்க சரக்கு தினமும் லாரி லாரியா வரும், 2006ல ஆரம்பிச்சது. வரித் தகராறு, மைக்ரோசாஃப்ட்டுக்கு வித்த கதைனு 2014 நவம்பர்ல நின்னுடுச்சு, எத்தனை பொண்ணுங்க பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறுனாங்கனு நான் பாத்தேன். அப்புறம் வருஷக்கணக்கா பூட்டு. 2019ல அந்த ஃபேக்டரியை வாங்குறோம்னு ஒரு கம்பெனி சொல்லுச்சு, சால்காம்ப்னு பேரு. என்ன செய்வாங்க தெரியுமா?

தாம்பரம் ரகு
என்ன?

கார்கோ கண்ணன்
சார்ஜர். ஆப்பிளுக்கு சப்ளை.

வடபழனி வாண்டு
அடப்பாவி. பெட்டியில இருந்து தூக்குனது நம்ம ஸ்ரீபெரும்புதூர்லதான் இருக்கா.

ஒரகடம் பொண்ணு
ஆமா, அங்க என் ஃப்ரெண்ட் ரெண்டு பேரு இன்டர்வியூக்குப் போனாங்க.

தாம்பரம் ரகு
டீம்ல கேட்டா என்ன பதில் சொல்றதுனு தெரியல, இந்த லிங்க்கையே அனுப்பி வெக்கிறேன். செல்வம் அண்ணே, வேற ஒண்ணு. எங்கப்பா இன்னும் 2018ல வாங்கின போனைத்தான் வெச்சிருக்காரு, அரை நாள்கூட சார்ஜ் நிக்கல, நான் தீபாவளிக்குப் புதுசு வாங்கித் தரலாம்னு இருந்தேன். பேட்டரி மட்டும் மாத்தினா ஓடுமா?

சர்வீஸ் கடை செல்வம்
தாராளமா ஓடும்ணே. என்ன மாடல்னு மட்டும் சொல்லுங்க. பேட்டரி உப்பி ஸ்கிரீனத் தூக்கியிருந்தா அதுக்கு மேல சார்ஜ் போடாதீக, அப்படியே கொண்டாங்க. மதுரைக்கு வர்ற சோலி இருந்தா புதன்கிழமை வாங்க, செவ்வாய் கடை லீவு.